கல்லடிப் பாலமும் கியர் ஒயிலும்

2013இல் புதுப் பாலம் திறக்கும்வரை, கல்லடியில் வாவியைக் கடக்க பழைய லேடி மெனிங் பாலம்தான். ஒடுக்கமான இரும்புப் பாலம். எதிர்ப்பக்க வாகனம் வந்து முடியும்வரை நிற்கவேணும். பிறகு முதல் கியரைப் போட்டு நகரவேணும்.

மொரிஸ் மைனர் ஓட்டினவங்களுக்கு அது சின்னச் சோதனை. 1948இல் இங்கிலாந்தில் அறிமுகமான அந்தக் காரில் முதல் கியருக்கு சின்க்ரோமெஷ் இல்லை. கார் முழுசா நிற்கமுதல் கியரைத் தள்ளினால் 'கறக்' எண்டு பல்லு கத்தும்.

சின்க்ரோமெஷை 1928இல் கொண்டுவந்தது அமெரிக்காவின் கடிலாக். கியர்ப் பற்கள் சேரமுதல் ஒரு வளையம் உரசி ரெண்டு பக்க வேகத்தையும் சமப்படுத்தும். ஒயில் அளவுக்கு மிஞ்சி வழுக்கினால் வளையம் பிடிக்காது, கியர் இறுகும். அதனால்தான் மைனரின் கியர்பொக்ஸுக்கு சாதாரண எஸ்ஏஇ 30 எஞ்சின் ஒயில் சொல்லப்பட்டது. 1958இல் வந்த ஒஸ்டின் ஹீலி ஸ்ப்ரைட் ஸ்போர்ட்ஸ் காரும் இதே குடும்பத்து கியர்பொக்ஸோடதான் ஓடினது.

இப்ப பழைய கார் திருத்துற நம்ம வயசுக்காரர் பலர் ஜிஎல்-4ஐ விட ஜிஎல்-5 உசத்தி எண்டு நினைக்கிறாங்க. அது பின் அச்சின் ஹைப்பொயிட் பற்களுக்கு எண்டு கந்தகச் சேர்மானம் கூட்டின ஒயில். சில வகைகள் செம்பு கலந்த வளையங்களை மெல்ல அரிக்கும். அரிச்ச வளையத்துக்கு மாற்றுத் தேடுறது லேசில்லை.

போத்தலில் உள்ள எண் தரவரிசை இல்லை, வேலைப் பெயர். ஊத்தமுதல் காரின் கைநூலைப் பாருங்க.