கொல்லிமலைக் காந்தமும் கும்பினிக் கணக்கும்

கொல்லிமலைன்னதும் வல்வில் ஓரி, 70 கொண்டை ஊசி வளைவு, ஆகாய கங்கை அருவி எல்லாம் ஞாபகத்துக்கு வரும். அதைப் பத்தி நம்ம மக்கள் நிறையவே எழுதிட்டாங்க. நான் சொல்ல வந்தது மலைக்குள்ள இருக்குற காந்தத்தைப் பத்தி.

சேலம் கஞ்சமலை மாதிரியே கொல்லிமலையிலும் மேக்னடைட் கலந்த பாறை அடுக்குகள் உண்டு. 1860களில் வில்லியம் கிங்கும் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் இந்த வட்டாரப் பாறைகளை ஆராய்ந்தார்கள். இந்த மாதிரிப் பாறைக்குப் பக்கத்தில் திசைகாட்டி முள் திசை மாறும். பூமியோட காந்தம் எவ்வளவு, பாறையோட காந்தம் எவ்வளவுன்னு பிரிச்சுப் பார்க்கணும்னா அளவு வேணும். அளவுன்னா அலகு. வில்லங்கமே அங்கதான்!

பட்டணம் படி வேற, உள்ளூர்ப் படி வேறன்னு நம்ம தாத்தா காலத்தில் இருந்த குழப்பம் விஞ்ஞானிகளுக்கும் இருந்தது. 1832ல் ஜெர்மனியின் கவுஸ், மில்லிமீட்டர், மில்லிகிராம், விநாடியை வைத்துப் பூமியின் காந்தத்தை அளந்தார். ஆங்கிலேயரோ அடி, கிரெய்ன், விநாடி என்று போனார்கள். 1840களில் கும்பினி சென்னை, பம்பாய், சிம்லா, சிங்கப்பூரில் காந்த அளவீடுகளைத் தொடங்கியது. அந்தக் காலத்து ஏடுகளைப் புரட்டினால் எண்ணுக்கு முன்னால் அலகைத் தேட வேண்டியிருக்கும்.

நம்ம பக்கத்துப் புலம் இன்றைக்குச் சுமார் 40,000 நானோடெஸ்லா. அதையே எப்படியெல்லாம் எழுதலாம் பாருங்க:

0.4 கவுஸ்.
40,000 காமா.
கவுஸின் பழைய அலகில் 4.
ஆங்கிலேயர் அலகில் சுமார் 8.675.

எல்லாம் ஒண்ணுதான்! ஆங்கிலேயர் அலகை 0.046108ஆல் பெருக்கினால் கவுஸ் வரும். 'எதுக்கு இத்தனை தசமம், 0.046 போதுமே' என்று பெருக்கிப் பார்த்தேன். 94 நானோடெஸ்லா காணாமல் போச்சு. பூமியின் புலம் வருஷத்துக்குப் பத்து, இருபது, முப்பது நானோடெஸ்லா என்ற கணக்கில் மெதுவாக நகர்வது. அப்படின்னா ஒரு சோம்பேறிப் பெருக்கல், நடக்காத பல வருஷ மாற்றத்தை நடந்ததாகக் காட்டிவிடும்.

1930ல் இன்னொரு திருப்பம். காந்தப் பாய அடர்த்திக்குக் கவுஸ், காந்தப்புலச் செறிவுக்கு எர்ஸ்டெட் என்று பெயரைப் பிரித்தார்கள். காற்றில் இரண்டுக்கும் ஒரே எண் வரும், அதனால் ரொம்பப் பேர் கண்டுகொள்ளவில்லை. 1960ல் டெஸ்லா வந்தது: 1 டெஸ்லா = 10,000 கவுஸ். எர்ஸ்டெட்டை மாற்றணும்னா டெஸ்லாவுக்குப் போகக்கூடாது. 1 எர்ஸ்டெட் என்பது மீட்டருக்குச் சுமார் 79.58 ஆம்பியர். பாறைக்குள்ளே இந்த இரண்டும் ஒன்றல்ல. கொல்லிமலை மாதிரி மேக்னடைட் பாறையில் இந்த வித்தியாசத்தைத்தான் கவனிக்கணும்.

நல்ல சேதி ஒண்ணு: பழைய வரைபடங்களில் இருக்கும் காமாவை அப்படியே நானோடெஸ்லா என்று படிக்கலாம். ஒரு தசமம்கூட நகராது. மத்ததுக்கெல்லாம் பேனாவும் பொறுமையும் வேணும் :-)