தலையணைப் பராமரிப்பு: செங்கோட்டை வட்டாரம்

தலையணை என்பது படுக்கும்போது தலைக்கு வைக்கும், உள்ளே மென்மையான பொருள் அடைத்த பை. பேச்சில் தலகாணி. அணை என்றால் படுக்கை, மெத்தை. ஆற்றைத் தடுக்கும் அணைக்கும் இதே சொல்தான். அதனால் தென்காசிப் பக்கத்தில் ஒருவர் ‘தலையணைக்குக் குளிக்கப் போனோம்’ என்றால் அவர் சொல்வது மலையடிவாரத்தில் ஆற்றின் தலைமாட்டில் கட்டிய அணையை. இக்கட்டுரை பஞ்சும் தூவியும் அடைத்த தலையணையைப் பற்றியது. அதை வீட்டில் எப்படிப் பேணி வந்திருக்கிறார்கள், எதைத் தண்ணீரில் போடலாம், எதைப் போடக் கூடாது என்பதைச் சொல்கிறது.

பறவையின் உடலில் இறகு வேறு, தூவி வேறு. நடுவில் தண்டு ஓடுவது இறகு. தண்டில்லாமல், நெஞ்சுப்பக்கத்தில் தோலை ஒட்டிப் பஞ்சுபோல் இருப்பது தூவி. தலையணைக்குள் இறகு மிகுந்தால் தண்டுமுனை துணியைத் துளைத்துக் கன்னத்தில் குத்தும். தூவி குத்தாது, விலையும் அதிகம். இன்றைய கடைகள் பொதுவாக ‘இறகுத் தலையணை’ என்று விற்பதில் இரண்டும் கலந்தே இருக்கும். இந்த வேறுபாட்டுக்குத் தமிழில் தனிச்சொல் பழங்காலத்திலேயே இருந்தது. பத்துப்பாட்டில் ஒன்றான நெடுநல்வாடையில், போருக்குப் போன பாண்டியனைப் பிரிந்திருக்கும் அரசியின் கட்டிலை நக்கீரர் விரிவாக வருணிக்கிறார். யானைத் தந்தத்தால் செய்த அந்தக் கட்டிலின் மேல் விரித்திருப்பது அன்னத்தின் வெண்தூவி அடைத்த அணை. பிற்காலத்தில் பஞ்சசயனம் என்ற ஐவகைப் படுக்கையை விளக்கியவர்கள் தந்த பட்டியல்கள் ஒன்றுக்கொன்று வேறுபடுகின்றன. ஆனால் பஞ்சும் தூவியும் எல்லாவற்றிலும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. தூவி அரண்மனைப் பொருளாகவே இருந்தது. ஊரார் தலைக்கு வைத்தது மரத்துப் பஞ்சு.

அந்தப் பஞ்சிலும் இரண்டு மரங்கள் ஒரே பெயருக்குள் ஒளிந்திருக்கின்றன. சங்கப் பாடல்களில் வரும் இலவம் சிவந்த பூவும் முள்தண்டும் உடைய இந்நாட்டு மரம். இன்று தலையணைக்குள் போகும் இலவம்பஞ்சு பெரும்பாலும் வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து பரவிய, வெளிர்பூ பூக்கும் இன்னொரு மரத்துடையது. மலாய் மொழியில் அதன் பெயர் கபுக். உலகச் சந்தையில் கபோக் என்று வழங்குவது அதுவே. இரண்டாம் உலகப் போருக்கு முன் அச்சந்தைக்குப் பெருமளவு பஞ்சை அனுப்பியது சாவகத்தீவு. நீரில் அமிழாத பஞ்சு என்பதால் கடற்படையின் உயிர்காப்பு அங்கிகளுக்குள் அதையே அடைத்தார்கள். 1942இல் சாவகம் சப்பானியர் கைக்குப் போனதும், அமெரிக்காவில் எருக்கின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு செடியின் பஞ்சைப் பள்ளிப் பிள்ளைகளைக்கொண்டு சேகரிக்க வேண்டியதாயிற்று.

தமிழ்நாட்டில் இலவம்பஞ்சு என்றதும் நினைவுக்கு வரும் ஊர் போடிநாயக்கனூர். தேனி மாவட்டத்து மலைச்சரிவுகளில் விளையும் காய் அங்கே பஞ்சாகி, மெத்தையும் தலையணையுமாகி ஊர் ஊராகப் போகிறது. காய் முற்றி நெற்றாவது பங்குனி, சித்திரையில். வெடிக்குமுன் பறித்து வெயிலில் காயவைத்து உடைத்தால் பஞ்சும் கறுத்த விதையும் வரும். பருத்தியைப்போல் இதில் நார் விதையோடு ஒட்டியிருப்பதில்லை. அதனால் கோலால் அடித்துக் கிளறினாலே பஞ்சு மேலெழும்பும், விதை கீழே இறங்கும். இலவு காத்த கிளி ஏமாந்த கதை தெரியாத தமிழர் இல்லை. கிளிக்கு உதவாத பஞ்சு மனிதருக்கு உதவியது.

இந்த நாரின் அமைப்பைத் தெரிந்துகொண்டால் பராமரிப்பு முழுதும் தானாகப் புரிந்துவிடும். ஒவ்வொரு நாரும் உள்ளே வெறுமையான மெல்லிய குழல். நாரின் பருமனில் ஏறத்தாழ 80 விழுக்காடு காற்று. மேலே மெழுகுப் பூச்சு. அதனால்தான் அவ்வளவு லேசு, அதனால்தான் நீர் ஒட்டுவதில்லை. சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துக் கசக்கினாலோ மெழுகு போகும், குழல் நசுங்கும், பஞ்சு கட்டிகட்டியாகத் திரண்டுவிடும். பிறகு எத்தனை வெயிலில் போட்டாலும் பழைய மெத்துமெத்து திரும்பாது. நடுவில் சிக்கிய ஈரத்தால் பூசணம் பிடிக்கும். ஆகவே இலவம்பஞ்சுத் தலையணையைத் துவைக்கவே கூடாது. நம் வீட்டுப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்தது வேறு: தையலைப் பிரித்துப் பஞ்சை வெளியே எடுத்து, மெல்லிய வேட்டியால் மூடி வெயிலில் காயவைத்து, உள்துணியைத் துவைத்து, மறுபடி அடைத்துத் தைப்பது. நல்ல வெயில் பட்ட பஞ்சு உப்பி எழும். சாதாரணத் தலையணைக்கு ஏறக்குறைய 1 கிலோ பிடிக்கும். எளிதில் தீப்பற்றும் பொருள் என்பதால் விளக்கும் அடுப்பும் உள்ள இடத்தில் பிரிக்கக் கூடாது.

பருத்திப் பஞ்சு கட்டிப்பட்டால் அதற்கு ஆள் உண்டு. பெரிய வில்லைத் தோளில் சுமந்து தெருவழியே வருவார். பஞ்சு கொட்டுபவர் என்பது பெயர். நரம்பைக் கட்டையால் தட்டத் தட்ட, அதிர்வில் பஞ்சு நார்நாராகப் பிரியும். அந்த நரம்பின் ஒலிக்குத் திண்ணைக்கு ஓடிய பிள்ளைகளுக்கு இன்று நடுவயது தாண்டிவிட்டது. பஞ்சடிக்கும் இயந்திரமும், 1960களுக்குப் பின் பரவிய ரப்பர் நுரையும், அதன்பின் வந்த பாலியெஸ்டர் நாரும் அந்தத் தொழிலைத் தெருவிலிருந்து அப்புறப்படுத்தின. ஒரு கைத்திறன் அப்படிச் சத்தமின்றிப் போனது வருந்தத்தக்கது.

செங்கோட்டைக்கு வருவோம். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்த ஊர். மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய் வாயிலில், ஆரியங்காவுக்குக் கிழக்கே அமைந்தது. 1904இல் கொல்லத்துக்கு ரயில் போனதும் இந்தக் கணவாய் வழியேதான். தென்மேற்குப் பருவக்காற்றும் அதே வழியில் வருகிறது. ஆனியிலும் ஆடியிலும் குற்றாலத்துக்குக் கூட்டம் சேர்க்கும் சாரல் தலையணைக்குப் பகை. சேர்ந்தாற்போல் இரண்டு மணி நேரம் வெயில் நிற்காது. காற்றோ, பிரித்துப்போட்ட பஞ்சை அடுத்த தெருவில் சேர்த்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழை. இடையில் கிடைக்கும் உலர்ந்த காலம் மாசி முதல் சித்திரை வரை. புதுப் பஞ்சு வருவதும் அப்போதே என்பதால், பழையதை உதறிக் குறைந்ததை நிரப்ப அதைவிடப் பொருத்தமான வேளை இல்லை.

தூவித் தலையணைக்கு நியாயம் வேறு. விடுதிகள் வழியாகவும் வெளிநாட்டு உறவினர் வழியாகவும் அது இப்போது வீடுகளுக்குள் வருகிறது. வாத்து, பெருவாத்துத் தூவி இது. நம் தலைமுடியைப்போல் கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. எனவே தலைக்குத் தேய்க்கத் தகாததைத் தூவிக்கும் போடக் கூடாது. பருத்தி உறைக்கு வெள்ளாவியும் சலவைச் சோடாவும் பொருந்தும். தூவியை அவை அரித்துவிடும். வெளுப்புத்தூள் அதைக் கரைக்கவே செய்யும். புரதக் கறை நீக்கும் நொதி கலந்த சலவைத்தூளும் ஆகாது. பட்டுக்கும் கம்பளிக்கும் பயன்படுத்தும் பூந்திக்கொட்டை நீரோ மென்மையான திரவச் சோப்போ போதும்.

முதலில் தையலைப் பார்க்க வேண்டும். ஓட்டை இருந்தால் அடைத்த பிறகே நனைக்கலாம். வெளி உறையைக் கழற்றி, 30 முதல் 40 பாகை வெதுவெதுப்பான நீரில் அமுக்கினால் மிதக்கப் பார்க்கும். காற்று வெளியேறும்வரை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். தேய்க்கவோ முறுக்கவோ கூடாது. நுரை அடியோடு போகும்வரை மூன்று, நான்கு தண்ணீர் மாற்றி அலச வேண்டும். எஞ்சிய சோப்பு தூவியை ஒட்டவைத்துவிடும். உலர்த்துவதுதான் பெரிய வேலை. துண்டில் சுற்றி அமுக்கி நீரை வாங்கியபின், கீழேயும் காற்றுப் புக வசதியாகக் கயிற்றுக் கட்டிலில் கிடத்தலாம். மணிக்கொரு தரம் புரட்டி, உள்ளே திரண்ட கட்டிகளைத் துணிக்கு மேலாகவே விரலால் உதிர்த்துவிட வேண்டும். பனி இறங்குமுன் உள்ளே எடுத்துவிட வேண்டும். இரண்டு, மூன்று நாள் ஆகும். சாரல் மாதத்தில் நனைத்தால் காயுமுன்னே நாறும்.

இரண்டு வகைக்கும் பொது எதிரி தூசிச் சிற்றுண்ணி. ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாத இந்த உயிரியே வீட்டுத்தூசி ஒவ்வாமைக்கு முக்கியக் காரணம் என்று 1964இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். ஈரக்காற்றில் செழிப்பது. இந்த வட்டாரத்தில் தும்மலும் இழுப்பும் உள்ளவர்கள் சாரல் காலத்தில் தலையணையின்மேல் கூடுதல் கவனம் வைக்க வேண்டியது இதனால்தான். வெளி உறையை வாரம் ஒருமுறை 60 பாகை வெந்நீரில் துவைத்தால் சிற்றுண்ணி சாகும். தூவி வெளியேறாமல் இருக்க அந்தத் தலையணைக்கு நெருக்கமான நெசவுத் துணியையே பயன்படுத்துகிறார்கள். அந்த நெருக்கம் சிற்றுண்ணியையும் தடுக்கிறது. செயற்கை நார்த் தலையணையின் துணி பொதுவாக அவ்வளவு நெருக்கமாக இருப்பதில்லை.

எண்ணெய்க் கறை நம் வீடுகளுக்கே உரிய சிக்கல். தலைக்குத் தேய்த்த தேங்காயெண்ணெய் வெளி உறையைக் கடந்து உள்துணியில் ஊறி, நாள்பட்டால் சிக்கடிக்கும். இரண்டு உறை போட்டு, உள்ளுறையை மாதம் ஒருமுறை மாற்றினால் தலையணையைப் பிரிக்கும் வேலை வெகுவாகக் குறையும். துவைத்த தூவித் தலையணை காய்ந்துவிட்டதா என்று சந்தேகம் வந்தால் அதை நடுவில் அமுக்கி முகர்ந்து பார்ப்பார்கள். வாத்து வாடை லேசாக வந்தாலும் மறுநாளும் அது கயிற்றுக் கட்டிலுக்கே போகும்.