மூளைக்கும் மூக்குக்கும் நடுவே
அத்தியாயம் 3: கைக்குட்டையின் சாட்சியம்

சென்ற வாரம் ஜெர்மனியின் விட்டன்பெர்க் நகரில் நின்றோம். மூளையின் கழிவுதான் சளியாக இறங்குகிறது என்று இரண்டாம் நூற்றாண்டில் கேலன் சொல்லிவைத்ததை, 1660இல் கான்ராட் விக்டர் ஷ்னைடர் உடைத்தெறிந்தார். மூக்குக்கு நேர்மேலே சல்லடை போன்ற எலும்புத் தகடு ஒன்று உண்டு. அதன் துளைகள் வாசனை நரம்புகளுக்கானவை. சளி ஊறுவதோ மூக்கின் உள்சவ்வில் என்று நிறுவினார். மாபெரும் வெற்றி. ஆனால் அதன் பின்விளைவு விபரீதமானது. மூளையிலிருந்து எதுவும் மூக்கில் இறங்காது என்று மருத்துவ உலகம் முடிவு கட்டிவிட்டது.

அப்படியானால் 1826இல் எடின்பரோவில் சார்லஸ் மில்லர் விவரித்த குழந்தைக்கு என்ன பதில்? தலையில் நீர் கோத்த அந்தப் பிள்ளையின் மூக்கிலிருந்து அவ்வப்போது தெளிந்த நீர் வடிந்தது. இறந்தபின் அறுத்துப் பார்த்தபோது மண்டைக்கும் மூக்குக்கும் இடையே வழி இருந்தது. அரிய விநோதம் என்று அதை ஒதுக்கிவைத்தார்கள்.

எழுபது ஆண்டுகளுக்கு மேல் கடந்தன. லண்டனில் தொண்டை, மூக்கு நோய்களைப் பார்த்துவந்த செயின்ட் கிளேர் தாம்சனிடம் ஓர் இளம்பெண் வந்தார். தலையில் அடியில்லை, காய்ச்சல் இல்லை. ஒரு நாசியிலிருந்து மட்டும் சொட்டுச் சொட்டாக நீர். ஜலதோஷம் என்று அனுப்பிவிடுவது எளிது. எத்தனையோ பேர் அப்படித்தான் அனுப்பப்பட்டிருப்பார்கள். தாம்சன் அனுப்பவில்லை. அவர்மீது எனக்கு மதிப்பு பிறப்பது இந்த இடத்தில்தான்.

அவர் அந்த நீரைச் சேகரித்தார். சளி பட்ட கைக்குட்டை காய்ந்தால் கஞ்சி போட்டதுபோல் விறைக்கும். இந்த நீரில் நனைந்த துணியோ காய்ந்தபின்னும் துவண்டே கிடந்தது. வேதியியல் சோதனைக்கு உடலியல் அறிஞர் ஹாலிபர்ட்டன் துணைவந்தார். சளிக்குரிய பிசுபிசுப்புப் பொருள் அதில் இல்லை. ஆனால் சர்க்கரைக்கான தாமிரச் சோதனையில் அது தன்னைக் காட்டிக்கொடுத்தது. மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்து நிற்கும் அதே நீர்!

மற்றவர்கள் எழுதிவைத்த நோயாளிகளின் விவரங்களையும் தேடிப் பிடித்து, 1899இல் தாம்சன் புத்தகமாகவே வெளியிட்டார். கேலன் சொன்ன காரணம் தவறு. ஆனாலும் மூளை நீர் மூக்கில் இறங்கும் வழி சிலருக்கு உண்மையாகவே உண்டு.

நீர் வடிவதால் மட்டும் ஆபத்தில்லை. நம் உடல் நாளொன்றுக்கு அரை லிட்டர் அளவுக்கு அதைச் சுரந்துகொண்டே இருக்கிறது. ஆபத்து எதிர்த் திசையில் வருகிறது. நீர் இறங்கும் துளை வழியே மூக்கிலுள்ள கிருமி மேலே ஏறும். மூளையுறைக் காய்ச்சல் பற்றிக்கொள்ளும். ஆன்டிபயாடிக் இல்லாத காலம் அது. நோயைக் கண்டுபிடித்த மருத்துவருக்கு அடுத்து என்ன செய்வதென்று தெரியாது.

துளையை அடைக்கத் துணிந்தவர் அட்லாண்டிக்கின் மறுகரையில் இருந்தார். பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், மூளை அறைகளுக்குள் காற்றைச் செலுத்தி எக்ஸ்ரே எடுக்கும் முறையை 1918இல் கண்ட வால்ட்டர் டேண்டி. 1926இல் அவர் விவரித்த நோயாளிக்கு மண்டையோடு உடைந்திருந்தது. நெற்றிப் பக்கம் மண்டையைத் திறந்து, மூளையை மெல்லத் தூக்கி, கிழிசலைக் கண்டார் டேண்டி. நோயாளியின் தொடைத் தசையைப் போர்த்தியிருந்த உறுதியான உறையில் ஒரு துண்டை வெட்டி அங்கே தைத்தார். ஒழுக்கு நின்றது. இந்த நோய்க்கு அறுவைச் சிகிச்சையில் கிடைத்த முதல் வெற்றி அது.

ஆனால் அது அடிபட்ட மண்டை. உடைந்த இடம் தெரியும், அடைத்தால் தீரும். தாம்சன் கண்ட இளம்பெண்ணைப் போல, எந்த அடியும் படாமல் நீர் ஒழுகியவர்களுக்கும் பின்னாளில் இதே வழியில் ஒட்டுப்போட்டார்கள். அவர்களில் சிலருக்குச் சில மாதங்களில் மறுபடி மூக்கில் நீர் சொட்டியது. திறந்து பார்த்தால் பழைய ஒட்டு அசையாமல் இருக்கிறது. எலும்பில் வேறோர் இடத்தில் துளை விழுந்திருக்கிறது!

கத்தி படாத இடத்தில், கெட்டியான எலும்பை உள்ளிருந்து அரித்தது எது?

(அடுத்த வாரம்)