பிள்ளைகள் என்றொரு சொல்

அயர்லாந்தின் மேற்குக் கரையில் ஐரிஷ் பேசும் ஊர்களில், புதிதாகப் பழகும் ஒருவரிடம் "அன் வில் கிளான் அகத்?" என்று கேட்பார்கள். "பிள்ளைகள் இருக்கிறார்களா?" என்று பொருள். ஆங்கிலத்தின் வழியாக மட்டும் இந்தச் சொல்லை அறிந்தவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். கிளான் என்றதும் அவர்களுக்கு நினைவு வருவது கட்டம் போட்ட கில்ட், வாள், தலைமுறைப் பகை. இன்றைய பையன்களுக்கோ செல்பேசியில் கோட்டை கட்டி அடுத்தவன் ஊரைத் தாக்கும் விளையாட்டு. மகனையும் மகளையும் குறித்த சொல் அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தது?

சொல் பிறந்தது அயர்லாந்தில்கூட இல்லை. ரோமானியரின் லத்தீனில் 'பிளாந்தா' என்றால் நட்டு வளர்ப்பதற்காக எடுக்கும் இளங்கொம்பு, நாற்று. ரோமானியர் அயர்லாந்தை ஆண்டதில்லை. ஆனால் பக்கத்துப் பிரிட்டனிலிருந்து வணிகமும், ஐந்தாம் நூற்றாண்டில் கிறிஸ்தவமும் கடல் தாண்டி வந்தன. கூடவே லத்தீன் சொற்களும் வந்தன. அன்றைய ஐரிஷ்காரர்களின் நாவில் பகரமே கிடையாது. லத்தீனில் மீன் 'பிஸ்கிஸ்'. அதே வேரில் பிறந்த ஐரிஷ் சொல், முதலெழுத்தை எப்போதோ உதிர்த்துவிட்டு 'இயஸ்க்' என்று நிற்கிறது. வெளியிலிருந்து வந்த சொற்களின் பகரத்தை அவர்கள் ககரமாக்கிக்கொண்டார்கள். நம்மூர்க் கிறிஸ்தவர்கள் சொல்லும் பாஸ்கா அங்கே 'காஷ்க்' ஆயிற்று. பிளாந்தா 'கிளாந்த்' ஆகி, பின்னர் கிளான் ஆயிற்று. பகரத்தை விடாத வேல்ஷ் மொழியில் அதே சொல் 'பிளான்ட்' என்று நிற்கிறது. அங்கும் அதற்குப் பிள்ளைகள் என்றே பொருள். பழைய ஐரிஷ் நூல்களில் கிளாந்த் செடியாகவும் வருகிறது, சந்ததியாகவும் வருகிறது. வாழையடி வாழை, குலக்கொழுந்து என்று பேசிப் பழகிய நமக்கு அந்தத் தாவலை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அயர்லாந்திலிருந்து கடல் கடந்து ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் குடியேறியவர்களோடு சொல்லும் போயிற்று. ஸ்காட்லாந்தில் அது மண்ணோடு பிணைந்ததைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் டீர் மடத்து நற்செய்தி நூலைப் பார்க்க வேண்டும். இன்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கும் கையடக்கமான தோல்சுவடி அது. அதன் ஓரங்களிலும் வெற்றிடங்களிலும் 12ஆம் நூற்றாண்டில் துறவிகள், மடத்துக்கு யார் எந்த நிலம் கொடுத்தார்கள் என்று, குடியேறியவர்களின் மொழியான கேலிக்கில் குறித்து வைத்தார்கள். கொடுத்தவர்களில் ஒருவர் 'கிளான் கனன்' தலைவர். 'கிளான் மோர்கன்' தலைவரும் வருகிறார். கனனின் பிள்ளைகள், மோர்கனின் பிள்ளைகள். பிள்ளைகளுக்கு ஒரு தலைவன் வந்தாயிற்று; தலைவன் கையில் நிலமும் இருக்கிறது.

அதன்பின் ஸ்காட்லாந்தின் மலைநாடு முழுக்க இப்படித்தான். டோனல் என்பவரின் வழிவந்தோர் டோனல் கிளான். ஆனால் எல்லோரும் இரத்த வழியினர் அல்லர். பாதுகாப்புத் தேடி வந்த குடும்பங்கள் தலைவனின் பெயரையே தங்கள் பெயராக வைத்துக்கொண்டன. பெயர் வாங்கியவனும் பிள்ளையாகவே எண்ணப்பட்டான். அந்தப் பெயர்தான் உயிர் என்பதை அரசனும் அறிந்திருந்தான். 1603இல் மெக்கிரெகர் கிளானை ஒழிக்க நினைத்த ஆறாம் ஜேம்ஸின் அரசு, அந்தப் பெயரைச் சொல்லிக்கொள்வதையே மரண தண்டனைக்குரிய குற்றமாக்கிற்று. மக்கள் வேறு பெயர்களுக்குள் ஒளிந்துகொண்டார்கள். இடையில் சில காலம் விலகித் திரும்பி வந்த அந்தத் தடை, இறுதியாக நீங்கியது 1774இல்.

அரசன் செய்ததைவிட என்னைக் கொதிக்கவைப்பது தலைவர்கள் செய்தது. 1746இல் கல்லோடன் போரில் மலைநாட்டார் அரசுப் படையிடம் தோற்றார்கள். மறு ஆண்டே சட்டம் தலைவர்களின் நீதி அதிகாரத்தைப் பறித்தது. அவர்களிடம் எஞ்சியது நிலம். நிலத்துக்குப் பத்திரம் இருந்தது. குடிமக்களிடம் பத்திரம் இல்லை. தலைமுறை தலைமுறையாக உழுத மண்ணில் தங்களுக்கு உரிமை உண்டு என்ற நம்பிக்கைதான் இருந்தது. கேலிக்கில் அதற்கு 'தூஹஸ்' என்று பெயர். மனிதரை வைத்திருப்பதைவிட ஆட்டு மந்தைக்கு விட்டால் குத்தகை அதிகம் கிடைத்தது. அந்தக் கணக்கில் தூஹஸுக்கு இடமில்லை.

கிளெங்கரிப் பள்ளத்தாக்கின் தலைவர் அலெக்சாண்டர் மெக்டோனல் இதற்குச் சரியான சாட்சி. 1812 வாக்கில் ரேபர்ன் வரைந்த அவர் ஓவியம் எடின்பரோவில் இருக்கிறது: கட்டம் போட்ட உடை, கையில் துப்பாக்கி, பின்சுவரில் கேடயம். 'உண்மையான மலைநாட்டார்' சங்கம் ஒன்றையும் 1815இல் தொடங்கினார். அவருடைய காலத்திலும் அதற்குச் சற்று முன்பும் அந்தப் பள்ளத்தாக்கின் மக்கள் குத்தகை கட்ட முடியாமலும் வெளியேற்றப்பட்டும் கனடாவுக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். ஒன்டாரியோவில் அவர்கள் குடியேறிய வட்டாரத்துக்கு இன்றும் கிளெங்கரி என்றே பெயர். தலைவன் பழைய உடையில் நிமிர்ந்து நின்றான், பிள்ளைகள் ஊர்ப் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்கள். அந்த ஓவியத்தின் அழகை என்னால் தனியாக ரசிக்க முடிவதில்லை.

வால்டர் ஸ்காட்டின் 'வேவர்லி' நாவலில் வரும் மலைநாட்டுத் தலைவனுக்கு இந்த மெக்டோனலே முன்மாதிரி என்பார்கள். ஸ்காட்டின் புத்தகங்கள் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ஆவலோடு படிக்கப்பட்டன. உள்நாட்டுப் போர் முடிந்ததும் டென்னசியின் புலாஸ்கியில், தோற்ற தரப்பு வீரர்கள் சிலர் தொடங்கிய இரகசியச் சங்கம், வட்டம் என்ற கிரேக்கச் சொல்லோடு கிளானையும் சேர்த்து, எழுத்தை மாற்றிக் கூ கிளக்ஸ் கிளான் ஆயிற்று. விடுதலை பெற்ற கறுப்பின மக்களை அது அடித்தது, கொன்றது. எரியும் சிலுவை அன்று அதனிடம் இல்லை. ஸ்காட் தன் கதைப்பாட்டில் வருணித்த, மலைநாட்டில் ஆள் திரட்டக் கைமாறி ஓடிய தீச்சிலுவையை, தாமஸ் டிக்சன் இந்தக் கிளானைப் பற்றிய தன் 1905 நாவலுக்கு எடுத்துக்கொண்டார். அந்த நாவல் 1915இல் திரைப்படமானது. அதே ஆண்டு ஜார்ஜியாவின் ஸ்டோன் மவுண்டனில் புதிய கிளான்காரர்கள் முதல் சிலுவையைக் கொளுத்தினார்கள். பிள்ளைகள் என்று பொருள்படும் சொல்லுக்கு இதைவிடப் பெரிய கொடுமை நேர்ந்ததாக எனக்குத் தெரியவில்லை.

அயர்லாந்தில் சொல் பழைய பொருளை விடவில்லை. 1939இல் சிறு விவசாயிகள் தொடங்கிய கட்சி 'கிளான் ந தலூன்', மண்ணின் மைந்தர்கள். 1946இல் ஷான் மெக்பிரைட் தொடங்கியது 'கிளான் ந பொப்லக்தா', குடியரசின் பிள்ளைகள். 1948இல் அமைந்த கூட்டணி அரசில் இரண்டும் இருந்தன. மெக்பிரைட் கட்சியின் நோயல் பிரவுன், 32 வயதில், நாடாளுமன்றத்துக்குள் நுழைந்த முதல் நாளே சுகாதார அமைச்சரானார். தாயையும் தந்தையையும் காசநோய்க்குப் பறிகொடுத்த மருத்துவர் அவர். காசநோய் மருத்துவமனைகளைக் கட்டி எழுப்பினார். பிறகு தாய்மார்களுக்கும் 16 வயது வரையான பிள்ளைகளுக்கும், வருமானம் பார்க்காமல், இலவச மருத்துவம் என்று திட்டம் கொண்டுவந்தார். மருத்துவர் சங்கம் எதிர்த்தது. கத்தோலிக்க ஆயர்கள் எதிர்த்தார்கள். அமைச்சரவை பின்வாங்கியது, பதவி விலகச் சொன்னவர் அவருடைய சொந்தத் தலைவர் மெக்பிரைட். 1951 ஏப்ரலில் பிரவுன் விலகினார்; ஆயர்களோடும் பிரதமரோடும் நடந்த கடிதப் போக்குவரத்தைப் பத்திரிகைகளிடம் கொடுத்தார். அடுத்த மாதத் தேர்தலில், குடியரசின் பிள்ளைகள் கட்சியின் பத்து இடங்களில் மிஞ்சியது இரண்டு.