மாபோனின் அம்மா

செப்டம்பர் மூன்றாம் வாரம் தாண்டிவிட்டால் இன்ஸ்டாகிராமில் ஒரு வகைப் படங்கள் வரிசையாக வர ஆரம்பிக்கும். மரப்பலகை மேல் ஆப்பிள்கள், பழுத்த இலைகள், ஏற்றி வைத்த மெழுகுவர்த்தி, கீழே ‘மாபோன் வாழ்த்துகள்’. கிறிஸ்தவத்துக்கு முந்தைய ஐரோப்பிய வழிபாடுகளை மீட்டெடுக்க நினைக்கும் நவீன பாகன்கள், பகலும் இரவும் சமமாகும் நாளில் கொண்டாடும் அறுவடைத் திருநாள் அது. ஆயிரம் இரண்டாயிரம் வருஷத்துக் கெல்டிக் பண்டிகை என்றுதான் நானும் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெயருக்கு வயது ஐம்பது சொச்சம்தான். 1970களில் கலிஃபோர்னியாவில் ஏய்டன் கெல்லி என்பவர் வைத்தது. அவர் இதை ஒளித்ததும் இல்லை. பாகன் நாட்காட்டி ஒன்றைத் தயாரித்தபோது இந்த நாளுக்குப் பொருத்தமான பெயர் கிடைக்கவில்லை. கிரேக்கத்தில் டெமெட்டர் கதை இருக்கிறதே, பாதாளத்துக்குக் கொண்டுபோகப்பட்ட மகளை அம்மா தேடும் கதை, அதற்கு இணையாக வடக்கே ஏதாவது உண்டா என்று தேடியிருக்கிறார். வேல்ஸ் நாட்டுக் கதை ஒன்றில் சிறை மீட்கப்படும் மாபோன் அகப்பட்டான். பண்டிகைக்கு அவன் பெயர்.

எனக்கு உறுத்துவது இங்கேதான். டெமெட்டர் கதை அம்மாவின் கதை. அவள் அழுதுகொண்டே அலைகிறாள், பூமி விளைய மறுக்கிறது. அதற்கு இணை தேடிப் போனவர் பிள்ளையின் பெயரோடு திரும்பிவிட்டார். அம்மா வழியிலேயே விடுபட்டுப்போனாள்.

அவள் பெயர் மோட்ரான். ‘குல்ஹுக்கும் ஓல்வெனும்’ என்ற அந்தக் கதை பதினான்காம் நூற்றாண்டின் இரண்டு வேல்ஸ் ஏடுகளில் கிடைக்கிறது, கதை அதைவிடப் பழையது. பிறந்து மூன்றே இரவான மாபோன், அம்மாவுக்கும் சுவருக்கும் நடுவில் படுத்திருந்தபோது காணாமல் போனான். யார் எடுத்தார்கள், ஏன் எடுத்தார்கள், ஒன்றும் தெரியாது. உயிரோடு இருக்கிறானா என்பதுகூடத் தெரியாது.

ஆர்தர் மன்னனின் ஆட்கள் தேடப் புறப்படுகிறார்கள். விலங்குகளின் பேச்சு தெரிந்த குர்ஹிர் முதலில் ஒரு கரும்பறவையிடம் கேட்கிறான். அது சொல்கிறது: நான் குஞ்சாக வந்தபோது இங்கே கொல்லனின் பட்டடை ஒன்று இருந்தது, அதில் எந்த வேலையும் நடக்கவில்லை, மாலைதோறும் நான் அலகைத் தீட்டியே அது இப்போது ஒரு கொட்டை அளவுக்குத் தேய்ந்துவிட்டது, அத்தனை காலத்தில் அப்படி ஒருவனைக் கேள்விப்பட்டதே இல்லை. ஆனால் என்னைவிட மூத்தவர் ஒருவர் இருக்கிறார் என்று கலைமானிடம் அனுப்புகிறது. கலைமானின் கணக்கு, ஒரு ஓக் கன்று மரமாகி வெறும் கட்டையாகிவிட்டது. ஆந்தையின் கணக்கு, ஒரே பள்ளத்தாக்கில் மூன்று காடுகள். கழுகு வந்தபோது அதன் பாறையின் உச்சியில் உட்கார்ந்து நட்சத்திரங்களைக் கொத்தலாமாம், இப்போது அந்தப் பாறை ஒரு சாண் உயரம்கூட இல்லை. கடைசியில் ஒரு கிழட்டு சால்மன் மீன். செவெர்ன் ஆற்றில் ஏற்றத்தோடு போகும்போது கேர் லோய்வ் கோட்டைச் சுவருக்குப் பின்னால் யாரோ அழும் சத்தம் கேட்கிறது என்கிறது அது. இன்றைய க்ளாஸ்டர் நகரம்தான் அந்த ஊர்.

காலத்தை அளக்க இதைவிட அழகான வழியை நான் எங்கும் படித்ததில்லை. ஆனால் ஒரு கேள்வி. பட்டடை தேய்ந்த, காடுகள் அழிந்து முளைத்த அத்தனை காலமும் மோட்ரான் என்ன செய்துகொண்டிருந்தாள்? கதைக்கு அது தெரியாது. வேல்ஸ் முப்பாடல் ஒன்று அவளை ஓவெய்ன் என்னும் வீரனின் அம்மா என்கிறது. அங்கேயும் அவள் அம்மா மட்டும்தான்.

பெயரே அதுதான். மாட்ரோனா என்ற பழைய கெல்டிக் பெயர் மருவி மோட்ரான் ஆனது, பொருள் ‘பெரும் அம்மா’. மாபோனோஸ் என்றால் ‘பெரும் மகன்’. ஆக அந்தப் பையனின் முழுப் பெயரைத் தமிழில் சொன்னால் ‘மகன், அம்மாவின் மகன்’, அவ்வளவுதான். மகனுக்கு ஹேட்ரியன் சுவர் பக்கம் ரோமப் படைவீரர்கள் பலிபீடம் வைத்தார்கள், அப்போலோவோடு சேர்த்துக் கும்பிட்டார்கள். அம்மாவுக்கு ஃப்ரான்ஸில் ஒரு ஆறே உண்டு. மார்ன் ஆற்றின் பழைய பெயர் மாட்ரோனா.

லாங்ர் நகருக்குப் பக்கத்தில், அந்த ஆறு ஊற்றெடுக்கும் இடத்தில், ரோமர் காலக் கல்வெட்டு ஒன்று கிடைத்தது. நடாலிஸ் என்பவரிடம் அடிமையாக இருந்து விடுதலையான சுக்செஸ்ஸுஸ், தன் சொந்தக் காசில் இந்தக் கோயிலைச் சுற்றி மதில் கட்டி மாட்ரோனாவுக்கு நேர்த்திக்கடன் செலுத்தினான் என்கிறது. என்ன வேண்டிக்கொண்டான் என்று சொல்லவில்லை. ரோமச் சட்டப்படி அடிமைக்கு அம்மா அப்பா என்ற உறவே செல்லாது, எந்த வயதிலும் பிரித்து விற்கலாம். அப்படி இருந்த ஒருத்தன், கையில் காசு வந்ததும் அம்மா என்று மட்டுமே பெயர் கொண்ட ஒருத்தியைச் சுற்றி மதில் எழுப்புகிறான். கொஞ்சம் அதிகமாகவே கற்பனை செய்கிறேனோ என்னவோ, அந்தக் கல்லை என்னால் வேறு மாதிரி படிக்க முடியவில்லை.

இதே பெயரைப் பன்மையில் ரைன் நதிக்கரை முழுக்கப் பார்க்கலாம், மாட்ரோனே. மூன்று பெண்கள் சேர்ந்து உட்கார்ந்திருப்பார்கள், மடியில் பழங்கள், ஓரத்து இருவருக்கும் பூசணிக்காய் மாதிரி பெரிய தலைப்பாகை, நடுவில் இருப்பவளுக்கு விரிந்த கூந்தல். கெல்டிக்கா ஜெர்மானியமா என்று பிரிக்க முடியாத கலப்பு அது. ஜெர்மனியின் நெட்டர்ஸ்ஹைமில், சின்னக் கோயிலின் அடித்தளத்தின் மேல் அந்தக் கற்களின் நகல்களை நிறுத்தியிருக்கிறார்கள். இன்றைக்கும் யார் யாரோ வந்து பூவும் பழமும் காசும் வைத்துவிட்டுப் போகிறார்கள்.

இவளைப் பற்றி இன்றைய ஆன்மிகப் பதிவுகளில் வருவது வேறு ஆள். எல்லாம் தரும் மகாமாதா, உனக்குள்ளே இருக்கும் தேவி, வளம், பூரணம். உலகம் முழுக்க ஒரே தாய்த்தெய்வம் இருந்தாள் என்ற எண்ணமே பெரும்பாலும் பத்தொன்பது, இருபதாம் நூற்றாண்டுகளில் உருவானது என்று வரலாற்றாளர் ரொனால்ட் ஹட்டன் விரிவாக எழுதியிருக்கிறார். அதனால் பழம் வைப்பவர்கள் ஏமாளிகள் என்று நான் சொல்ல மாட்டேன். வேண்டுதல் பழையதா புதியதா என்று சாமி கேட்பதில்லை. என் மனத்தாங்கல் வேறு. பூரணம் பூரணம் என்று சொல்லிச் சொல்லி அவளுடைய இழப்பைத் துடைத்துவிட்டார்கள். பழைய ஏட்டில் அவளைப் பற்றி உறுதியாக இருப்பதே அந்த ஒரு விஷயம்தான்: பக்கத்தில் படுத்திருந்த குழந்தையைக் காணோம்.

இன்னொரு வேல்ஸ் கதையில் ரியானனின் குழந்தையும் பிறந்த இரவே மறைகிறது. காவலிருந்த பெண்கள் தூங்கிப்போனார்கள். தப்பித்துக்கொள்ள நாய்க்குட்டிகளைக் கொன்று, உறங்கும் தாயின் முகத்தில் ரத்தத்தைப் பூசி, பெற்றவளே கொன்றுவிட்டாள் என்றார்கள். ஏழு வருஷம் கோட்டை வாசலில் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் தன் ‘குற்றத்தை’ச் சொல்லி, அவர்களை முதுகில் சுமக்க வேண்டும் என்பது தண்டனை. ரியானனும் மோட்ரானும் ஒருத்தியே என்று டபிள்யூ. ஜே. கிரஃபித் 1953இல் வாதிட்டார். இன்று அதை அப்படியே ஏற்பவர்கள் குறைவு. எனக்கும் சந்தேகம்தான். ஆனால் ரியானனுக்குக் கடைசியில் மகன் திரும்பக் கிடைக்கிறான், அவளே அவனுக்குப் பெயரும் வைக்கிறாள்.

மாபோனின் கதையில் கேய் என்ற வீரன் கோட்டைச் சுவரை இடித்து அவனை முதுகில் சுமந்து வருகிறான். மாபோன் நேராகப் பன்றி வேட்டைக்குப் போகிறான், குதிரையோடு செவெர்னில் இறங்கி, ட்ருக் ட்ருய்த் என்ற ராட்சசப் பன்றியின் தலையிலிருந்து சவரக்கத்தியைப் பிடுங்குகிறான். பிறகு கல்யாணம், கதை முடிகிறது. பையன் கிடைத்துவிட்டான் என்று யாரும் அவளிடம் போய்ச் சொன்னதாக ஒரு வரி இல்லை.