துவரையும் ஆப்பிரிக்கச் சிறு விவசாயிகளும்

தமிழ்நாட்டின் நியாயவிலைக் கடைகளில் 2007-இல் தொடங்கிய சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தின்கீழ் குடும்ப அட்டைக்கு ஒரு கிலோ பருப்பு 30 ரூபாய்க்கு வழங்கப்படுகிறது. அது துவரம் பருப்பாக இருக்கும். சில மாதங்களில் கனடா மஞ்சள் பருப்பாகவும் இருந்திருக்கிறது. காரணம் எளியது. இந்தியா விளைவிக்கும் துவரை அதன் தேவைக்குப் போதுவதில்லை. மியான்மர், மொசாம்பிக், தான்சானியா, மலாவி ஆகிய நாடுகளிலிருந்து துவரை கப்பலில் வருகிறது. இவற்றுள் ஆப்பிரிக்க நாடுகளில் அதை விளைவிப்போர் பெரும்பாலும் சிறு நிலத்தினர்.

துவரை முதலில் பயிராக்கப்பட்டது இந்தியாவில். அதன் காட்டு இனம் கிழக்குத் தொடர்ச்சி மலைப் பகுதிகளில் இன்றும் உள்ளது. அங்கிருந்து துவரை கடல் கடந்து ஆப்பிரிக்கா சென்றது. மேற்கு ஆப்பிரிக்காவின் காராமணி இங்கு வந்து நம்முடையதாகிவிட்டது.

மலாவியில் துவரையை மக்காச்சோளத்துடன் ஊடுபயிராக விதைக்கிறார்கள். முதல் சில மாதங்கள் துவரை மெதுவாகவே வளரும், சோளத்துடன் போட்டியிடாது. சோளக்கதிர் அறுத்தபின் மண்ணில் எஞ்சிய ஈரத்தைக் கொண்டு கிளைத்துக் காய்க்கும். வேர் முடிச்சுகளில் வாழும் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தரும். உதிரும் இலை எருவாகும். உரம் வாங்க இயலாத வீட்டுக்கு இது பெரிய உதவி. நம் ஊர்களில் துவரை மிலார் அடுப்புக்குப் போவது போல அங்கும் போகிறது.

இப்பயிரை அழித்தது வாடல் நோய். மண்ணில் பல ஆண்டுகள் தங்கும் ஒரு பூஞ்சை, பூத்துக் காய்க்கும் தறுவாயில் செடியைக் காய வைத்துவிடும். 1972-இல் ஐதராபாத் அருகே பட்டாஞ்சேருவில் தொடங்கப்பட்ட இக்ரிசாட் நிறுவனம், பூஞ்சை மிகுந்த வயலை வேண்டுமென்றே பேணி, அதில் பல்லாயிரம் வித்துகளில் தாக்குப் பிடிப்பவற்றைத் தேடியது. கென்ய நாட்டு வித்தான ஐ.சி.பி. 9145 நோயைத் தாங்கியது. 1987-இல் மலாவியில் வெளியிடப்பட்டது. பின்னர் இந்தியாவில் வந்த புஷ்கல் என்னும் கலப்பினத் துவரை அதிக விளைச்சல் தருவது. ஆனால் கலப்பின விதையை ஆண்டுதோறும் வாங்கியாக வேண்டும். சொந்த விதையை எடுத்து வைத்து விதைக்கும் குடும்பத்துக்கு நோய் தாங்கும் நாட்டு வித்தே கூடுதல் பயன் தந்தது எனலாம்.

விளைச்சலைக் காத்தாலும் விலை வேறிடத்தில் முடிவாயிற்று. 2014, 2015 பருவமழைகள் பொய்த்ததால் இந்திய நகரங்களில் துவரம் பருப்பு கிலோ 200 ரூபாய் வரை ஏறியது. 2016-இல் மொசாம்பிக்குடன் இந்தியா கொள்முதல் உடன்பாடு செய்தது. அவ்வாண்டு இங்கு மழை நன்கு பெய்தது. உற்பத்தி சுமார் 25 லட்சம் டன்னிலிருந்து 48 லட்சம் டன்னாகப் பெருகியது. நம் விவசாயிகளுக்கே ஆதரவு விலை கிடைக்காமற்போகவே, 2017 ஆகஸ்டில் துவரை இறக்குமதிக்கு ஆண்டுக்கு 2 லட்சம் டன் என வரம்பு இடப்பட்டது. மொசாம்பிக் உடன்பாட்டுக்கு விலக்கு இருந்தது, மலாவிக்கு இல்லை. அங்கு விலை சரிந்தது.

2021-இல் இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்டது. அவ்வாண்டு மலாவியுடனும் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் 50,000 டன் என உடன்பாடு ஏற்பட்டது. வாங்குவோர் தனியார் வணிகர்கள்.