யார் எழுதிய ரூல் இது?

பூல் மேசையைச் சுற்றி நாலு பேர் நின்றால் ஒரு வழக்கு நிச்சயம். முதல் அடியிலேயே, அதாவது பிரேக்கிலேயே, கறுப்பு 8 குழிக்குள் போய்விடும். அடித்தவன் ஜெயித்துவிட்டேன் என்று கையைத் தூக்குவான். எதிராளி, 8 சீக்கிரம் விழுந்தால் தோல்விதான் என்பான். மூன்றாமவன் செல்போனை எடுத்துத் தேடுவான். உலகப் போட்டிகளில் இரண்டு தீர்ப்புமே செல்லாது. அங்கே 8-ஐ எடுத்து மறுபடி மேசையில் வைத்து ஆட்டத்தைத் தொடரலாம், அல்லது பந்துகளை அடுக்கி இன்னொரு தடவை உடைக்கலாம். இதைப் படித்துக் காட்டினாலும் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். "எங்க ஏரியாவுல வேற ரூல்" என்று ஒரு குரல் வரும்.

அந்தக் குரலைக் குறை சொல்ல முடியாது. இந்த மேசை ஐந்நூறு ஆண்டுகளாக ஒவ்வொரு ஏரியாவிலும் வேறு வேறு ரூலோடுதான் வளர்ந்திருக்கிறது.

முதலில் மேசையே கிடையாது. ஐரோப்பியப் பிரபுக்கள் புல்தரையில் கட்டையால் பந்தை உருட்டி வளையத்துக்குள் விடும் ஒரு விளையாட்டு ஆடினார்கள். மழையிலும் குளிரிலும் அது நின்றுபோகும். 1470-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிரான்ஸின் பதினோராம் லூயி மன்னரிடம் வீட்டுக்குள் ஆடும் மேசை ஒன்று இருந்தது என்கிறார்கள். புல்தரை உள்ளே வர முடியாததால் புல்லின் நிறத்தில் கம்பளித் துணியை விரித்தார்கள். இன்றைக்கும் மேசை பச்சையாக இருப்பதற்கு அதுதான் காரணம்.

ஆட்டம் சீக்கிரமே அரச குடும்பங்களுக்குத் தொற்றிக்கொண்டது. இங்கிலாந்தில் காவலில் இருந்த ஸ்காட்லாந்து ராணி மேரி, தன் பில்லியர்ட்ஸ் மேசையைப் பறித்துவிட்டார்கள் என்று 1576-இல் புகார் சொன்னார். ஷேக்ஸ்பியர் ஒரு படி மேலே போய், தன் நாடகத்தில் கிளியோபாட்ராவையே பணிப்பெண்ணோடு பில்லியர்ட்ஸ் ஆடக் கூப்பிட வைத்தார். எகிப்து ராணி காலமானது இந்த ஆட்டம் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னால்! பதினான்காம் லூயியின் அரண்மனையில் ஷமியார் என்று ஒருவர் இருந்தார். ராஜாவோடு பில்லியர்ட்ஸ் ஆடியே நெருக்கமாகி, 1699-இல் நிதி மந்திரியாகவும் பிறகு யுத்த மந்திரியாகவும் ஆனார். பந்தைக் குழிக்குள் தள்ளத் தெரிந்தவருக்குக் கஜானாவை நிரப்பத் தெரியவில்லை. பத்தே ஆண்டில் இரண்டு பதவியும் போயின.

அந்தக் காலத்தில் பந்தை இன்றுபோல் குத்த மாட்டார்கள். முனையில் அகன்ற கட்டை வைத்த கோலால் தள்ளுவார்கள். பந்து ஓரத்தோடு ஒட்டிவிட்டால் கட்டை உள்ளே போகாது. அப்போது கோலைத் திருப்பிப் பிடித்து, அதன் வால் பக்கத்தால் அடித்தார்கள். வாலுக்குப் பிரெஞ்சுச் சொல் 'க்யூ'. அவசரத்துக்குப் பயன்பட்ட வாலே பிற்பாடு கோலாகிவிட்டது.

அந்த வாலுக்குத் தோல் நுனி கிடைத்தது சிறைக்குப் போன ஒருவரால். மெங்கோ என்ற பிரெஞ்சுப் படை அதிகாரி, கோலின் நுனியில் தோலை ஒட்டினால் பந்தைச் சுழலவிடலாம், ஏன், பின்னாலேயே திரும்பி வரவைக்கலாம் என்று கண்டுகொண்டார். 1807-இல் பாரிஸில் அவர் அதைச் செய்து காட்டியபோது பார்த்தவர்களுக்குக் கண்கட்டு வித்தையாகத்தான் தோன்றியிருக்கும். வித்தை என்றால் அதை விற்க ஒருவர் வரவேண்டுமே. இங்கிலாந்தில் பாத் நகரத்து பில்லியர்ட்ஸ் கூடத்தில் வேலை பார்த்த ஜாக் கார் வந்தார். சுழல் அடிக்கான ரகசிய மருந்து என்று சொல்லி 'முறுக்குப் பொடி' விற்றார். நம் ஊராக இருந்தால் தீபாவளிப் பலகாரம் என்று நினைத்து வாங்கியிருப்போம். டப்பாவுக்குள் இருந்தது வெறும் சுண்ணக்கட்டித் தூள். ஏமாற்று வேலைதான், ஆனாலும் தூள் வேலை செய்தது. இன்றும் க்யூவின் நுனியில் சாக் தேய்க்காமல் யாரும் அடிப்பதில்லை. அமெரிக்காவில் பந்தைச் சுழலவிடுவதற்குப் பெயரே 'இங்கிலீஷ்'.

மேசையும் தேறியது. லண்டனில் ஜான் தர்ஸ்டன் 1826-இல் மரப்பலகைக்குப் பதிலாகக் கற்பலகை போட்டார். 1835-இல் ஓரங்களுக்கு ரப்பர் வைத்தார். குளிர்காலத்தில் அந்த ரப்பர் இறுகிக் கல்லாகிவிடும். சூடுபடுத்தினால்தான் ஆட்டம். கந்தகம் சேர்த்துப் பதப்படுத்திய ரப்பர் வந்த பிறகே அந்தத் தொல்லை தீர்ந்தது.

தீராத தொல்லை பந்துகளில் இருந்தது. எல்லாம் யானைத் தந்தம். ஒரு தந்தத்திலிருந்து நல்ல பந்து சிலவே தேறும். 1860-களில் நியூயார்க்கின் மேசை வியாபாரி மைக்கேல் ஃபேலனின் கம்பெனி, தந்தத்துக்கு மாற்று கண்டுபிடிப்பவருக்கு 10,000 டாலர் பரிசு அறிவித்தது. ஆல்பனி நகரத்தில் அச்சகத் தொழிலாளியாக இருந்த ஜான் வெஸ்லி ஹயாட் முனைந்தார். 1869 வாக்கில் அவருக்குக் கிடைத்த பொருள் செல்லுலாய்ட். அதில் இருந்த நைட்ரோ செல்லுலோஸ், வெடிமருந்துக்கு நெருங்கிய உறவு. பந்துகள் பலமாக மோதினால் சில சமயம் சின்ன வெடி கேட்கும். கொலராடோவில் மதுக்கடை வைத்திருந்த ஒருவர் ஹயாட்டுக்கு இப்படி எழுதினாராம்: வெடிப்பதைப் பற்றி எனக்கு ஒன்றுமில்லை, ஆனால் ஒவ்வொரு சத்தத்துக்கும் கடையில் இருக்கிற அத்தனை பேரும் துப்பாக்கியை உருவுகிறார்கள். பந்தாக அது பெரிதாகச் சோபிக்கவில்லை. சீப்பாகவும் சட்டைக் காலராகவும் போய், கடைசியில் படச்சுருளாகிச் சினிமாவை உருவாக்கியது. அந்த வகையில் நம் அபிமான நட்சத்திரங்கள் எல்லோருமே பில்லியர்ட்ஸ் பந்துக்குக் கொஞ்சம் கடன்பட்டவர்கள்.

'பூல்' என்ற சொல்லுக்கும் குளத்துக்கும் சம்பந்தமில்லை. பிரெஞ்சில் 'பூல்' என்றால் பெட்டைக்கோழி. சூதாட்டத்தில் எல்லோரும் போடும் பந்தயப் பணத்துக்கும் அதே பெயர். அமெரிக்காவில் குதிரைப் பந்தயப் பணம் கட்டும் இடங்கள் 'பூல் ரூம்'கள். அடுத்த பந்தயம் வரும்வரை பொழுது போக அங்கே மேசைகளைப் போட்டார்கள். மேசை ஒரு பாவமும் அறியாதது. கெட்ட பெயர் மட்டும் அதற்கு.

இப்போது மழைக்கும் சலிப்புக்கும் பிறந்த ஆட்டத்துக்கு வருவோம். 1875, ஜபல்பூர். ராணுவ அதிகாரிகளின் மெஸ். வெளியே பருவமழை, உள்ளே பில்லியர்ட்ஸ் மேசை. 15 சிவப்புப் பந்துகளை முக்கோணமாக அடுக்கும் 'பிரமிட்ஸ்' ஒரு நாள், ஆளுக்கொரு நிறப் பந்தோடு காசு வைத்து ஆடும் 'பூல்' மறுநாள் என்று ஓடிக்கொண்டிருந்தது. நெவில் சேம்பர்லேன் என்ற பத்தொன்பது வயது லெப்டினன்ட் இரண்டையும் ஒன்றாகக் கலந்தார். சிவப்புகளோடு மஞ்சள், பச்சை, பிங்க், கறுப்பு. நீலமும் பழுப்பும் பிறகு வந்தவை. விருந்தாளியாக வந்த ஓர் இளம் அதிகாரி, வுல்விச் ராணுவப் பள்ளியில் முதலாண்டு மாணவனை 'ஸ்னூக்கர்' என்று கிண்டலடிப்பார்கள் என்று சொல்லிவைத்தார். சற்று நேரத்தில் ஒருவர் சுலபமான பந்தைக் கோட்டைவிட, சேம்பர்லேன் அவரை ஸ்னூக்கர் என்றார். அவர் முகம் சுருங்கியதோ என்னவோ, இந்த ஆட்டத்தில் நாம் எல்லோருமே ஸ்னூக்கர்கள்தான் என்று சமாதானமும் சொன்னார். கேலிச்சொல் பெயராக நிலைத்தது.

பெயர் வந்தாலும் ரூல் கையோடு எழுதப்படவில்லை. சேம்பர்லேன் பின்னர் மதராஸ் ராணுவத் தளபதி ஃபிரெடரிக் ராபர்ட்ஸிடம் பணிபுரிந்தார். கோடைதோறும் ஊட்டி. 1882-இல் ஊட்டி கிளப்பில்தான் விதிகள் முறையாக எழுதப்பட்டு, பில்லியர்ட்ஸ் அறையில் மாட்டப்பட்டன. அங்கிருந்து அது மெஸ் மெஸ்ஸாகப் பரவியது. 1885-இல் இந்தியா வந்த பில்லியர்ட்ஸ் சாம்பியன் ஜான் ராபர்ட்ஸ், கல்கத்தாவில் ஒரு விருந்தில் சேம்பர்லேனைச் சந்தித்து, ரூலைக் கேட்டறிந்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்.

இந்த சேம்பர்லேன் பிரிட்டிஷ் பிரதமர் சேம்பர்லேன் அல்லர். இவர் அயர்லாந்தின் போலீஸ் தலைவராகி, 1916 ஈஸ்டர் கிளர்ச்சிக்குப் பிறகு பதவி விலகியவர். ஸ்னூக்கர் வுல்விச்சில் பிறந்தது என்று பேச்சு கிளம்பியபோது, 1938-இல், 82 வயதில், 'தி ஃபீல்டு' பத்திரிகைக்குக் கடிதம் எழுதித் தன் பிள்ளைக்கு உரிமை கோரினார். அவர் பெயர் கொண்ட பிரதமர் மியூனிக்கில் ஹிட்லரோடு ஒப்பந்தம் போட்டதும் அதே ஆண்டில்தான்.

நாம் ஆடும் 8-பாலுக்கு இவ்வளவு கவித்துவமான பிறப்பு கிடையாது. அமெரிக்காவில் பிரன்ஸ்விக்-பால்க்-காலெண்டர் என்ற மேசைக் கம்பெனி, 1900-களின் தொடக்கத்தில் ஏழு சிவப்பு, ஏழு மஞ்சள், ஒரு கறுப்பு என்று ஒரு பந்து செட்டை விற்றது. ஆட்டத்துக்குப் பெயரே 'பி.பி.சி. கோ. பூல்', கம்பெனியின் சுருக்கப் பெயர்! எண்ணிட்ட பந்துகளில் ஆடத் தொடங்கியபோது சிவப்பு-மஞ்சளின் இடத்துக்குப் பட்டை போட்ட ஸ்டிரைப்ஸும் முழு நிறச் சாலிட்ஸும் வந்தன. பிரிட்டிஷ் மதுக்கடை மேசைகளில் இன்னமும் பழைய சிவப்பு-மஞ்சள்தான்.

நம் கேரம் போர்டும் இந்தக் குடும்பம்தான். பிரெஞ்சு பில்லியர்ட்ஸில் சிவப்புப் பந்துக்கு 'காராம்போல்' என்று பெயர். நம் மேற்குக் கரையில் போர்ச்சுக்கீசியர் கேட்டறிந்த நட்சத்திரப் பழத்தின் பெயரிலிருந்து அது வந்திருக்கலாம் என்பது அகராதிக்காரர்கள் ஊகம். மராத்தியில் அந்தப் பழம் 'கரம்பல்'. இது சரியென்றால் பழத்தின் பெயர் ஐரோப்பாவுக்குப் போய்ப் பந்தாகி, ஒரு பந்து இரண்டைத் தொடும் அடியாகி, பலகையாகித் திரும்பி வந்திருக்கிறது. நம் ரெட் காய்க்கு ஃபாலோ போடும்போது நினைத்துக்கொள்ளலாம்.

சரி, மறுபடி பூல் மேசைக்கு வருவோம். நண்பர்கள் மூன்று பேர் மட்டும் வந்து ஜோடி சேராவிட்டால் கவலை வேண்டாம். 'கட்-த்ரோட்' ஆடுங்கள்: ஒருவருக்கு 1 முதல் 5, அடுத்தவருக்கு 6 முதல் 10, மற்றவருக்கு 11 முதல் 15. மற்றவர்களின் பந்துகளைப் போட வேண்டும், கடைசிவரை யார் பந்து மேசையில் நிற்கிறதோ அவர் ஜெயித்தார். நேரம் குறைவாக இருந்தால் 9-பால்: மேசையில் இருக்கும் மிகச் சிறிய எண்ணை முதலில் தொட வேண்டும், ஃபவுல் இல்லாமல் எந்த வழியிலாவது 9 விழுந்தால் முடிந்தது. எதை ஆடினாலும், பிரேக்கில் 8 விழுந்தால் என்ன, வெள்ளைப் பந்து விழுந்தால் என்ன என்பதை முன்கூட்டியே பேசி முடியுங்கள். ஊட்டி கிளப்காரர்கள் செய்த மாதிரி ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டுப் பிரேக் அடியுங்கள்.